24 வருஷம் தாமதமான ஃபாண்ட்: முத்துக்குளித்துறையில் தமிழ் அச்சான கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வருஷம் எங்க டீம் ஒரு ஆப் பண்ணிட்டு இருந்தது. படகு வச்சிருக்கிறவங்க டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு, மீன் வித்த கணக்கு எல்லாம் போன்லயே எழுதி வைக்கிறதுக்கு. டெட்லைன் நெருங்கிடுச்சு. சில பழைய போன்கள்ல தமிழ் எழுத்து உடைஞ்சு தெரியுது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மீட்டிங்ல ஒரு முடிவு எடுத்தோம்: இப்போதைக்குத் தமிழை இங்கிலீஷ் எழுத்துலயே போட்டுடலாம், தமிழ் எழுத்தை ஃபேஸ் டூல பார்த்துக்கலாம். அந்த முடிவுக்கு நானும் சரின்னுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் ஊருக்கு, தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். டெஸ்ட் பில்டை எங்க மாமாகிட்ட கொடுத்தேன். நாட்டுப்படகு வச்சிருக்கார். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். "என்ன மருமவனே இது? எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இத வாசிக்கணும்னா உன்னயில்ல பக்கத்துல வச்சுக்கிடணும்" அப்படின்னு சொல்லிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

இன்னைக்கு எபிசோட் அங்க இருந்துதான் வந்தது. ஏன்னா நாங்க எடுத்த அதே முடிவை, இதே கடற்கரை மக்களுக்காக, கிட்டத்தட்ட 470 வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு டீம் எடுத்திருக்கு. அவங்களோட ஃபேஸ் டூ வர்றதுக்கு 24 வருஷம் ஆச்சு.

முதல் ரிலீஸ்: லிஸ்பன், 1554

கொஞ்சம் பின்னணி பார்த்துடலாம். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடுன்னு நீளுற இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேர். இங்க முத்துக் குளிச்சவங்க பரதவர்கள். முத்துச் சலாபத்துல நடந்த மோதல்களுக்கு நடுவுல அவங்க போர்ச்சுகீசியர்களோட பாதுகாப்பைத் தேடினாங்க. 1530-களின் நடுவுல ஆயிரக்கணக்குல கிறிஸ்தவத்துக்கு மாறினாங்க. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இங்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழ்ல மொழிபெயர்த்து வாங்கி, மனப்பாடம் பண்ணி, மணி அடிச்சு ஆட்களைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வச்சார். அன்னைக்கு இருந்த டெக்னாலஜி அவ்வளவுதான்: காது, வாய், ஞாபகம்.

1554 பிப்ரவரியில் லிஸ்பன்ல ஒரு சின்னப் புத்தகம் அச்சாச்சு. பேர் 'கார்த்திலா'. தமிழ் ஜெபங்கள், கூடவே போர்ச்சுகீசிய அர்த்தம். இதைத் தயார் பண்ணதுல மூணு தமிழர்களோட பேர் வருது: வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புத்தகம்னு இதைச் சொல்றாங்க.

ஆனா அதுல ஒரு தமிழ் எழுத்துகூட கிடையாது. முழுக்க ரோமன் எழுத்து. அதாவது, நாம வாட்ஸ்அப்ல 'சாப்டியா'ன்னு இங்கிலீஷ்ல தட்டுறோமே, அந்த வேலை.

லிஸ்பன்ல தமிழ் எழுத்து அச்சு கிடையாது, வேற வழி இல்லைன்னு சொல்லலாம். நியாயமான காரணம்தான். ஆனா இந்தப் புத்தகத்தை யாரால வாசிக்க முடியும்னு யோசிச்சுப் பாருங்க. ரோமன் எழுத்து தெரிஞ்ச பாதிரியாரால முடியும். அவர் வாசிப்பார், மணப்பாட்டுல இருக்கிறவங்க கேட்பாங்க. ல, ள, ழ மூணையும் அவர் எப்படிச் சொல்லியிருப்பாருன்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. புத்தகம் தமிழ்ல இருக்கு, ஆனா அதோட யூசர் தமிழர் இல்லை. எங்க மாமா சொன்னதும் இதைத்தான்.

மெஷின் வந்தாச்சு, எழுத்து இல்லை

இந்தக் கதையோட ஹீரோ அன்றிக்கு அடிகளார், அதாவது ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1520-ல் போர்ச்சுகல்ல பிறந்தவர். 1540-களின் கடைசியில இந்தக் கரைக்கு வந்து, கொஞ்ச வருஷத்துலயே தமிழ் பேச, எழுத, இலக்கணம் எழுதுற அளவுக்குக் கத்துக்கிட்டார். அவர் தமிழுக்கு எழுதின போர்ச்சுகீசிய இலக்கணம் கைப்பிரதியா இன்னைக்கும் லிஸ்பன்ல இருக்கு.

1556-ல் கோவாவுக்கு ஒரு அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. சுவாரசியம் என்னன்னா, அது இந்தியாவுக்கு அனுப்பினதே இல்லை, எத்தியோப்பியாவுக்குப் போகவேண்டியது. வழியில கோவாவுல நின்னு, அங்கேயே தங்கிடுச்சு. இந்தியாவோட முதல் அச்சகம் அதுதான்.

சரி, மெஷின் இருக்கு, தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கார். உடனே தமிழ்ப் புத்தகம் வந்திருக்கணும் இல்லையா? வரலை. இன்னும் 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கோவாவுல போர்ச்சுகீசியப் புத்தகங்கள் வந்துட்டே இருந்தது, ஏன்னா அந்த எழுத்துகள் ஐரோப்பாவுல ரெடிமேடா கிடைக்கும். தமிழுக்கு ஒவ்வொரு எழுத்தையும் புதுசா செய்யணும்.

அது எவ்வளவு பெரிய வேலைன்னு ஒரு இன்ஜினியரா கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்தக் கால ஐரோப்பிய முறையில், முதல்ல ஒரு இரும்புத் துண்டோட முனையில எழுத்தைக் கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கணும். அதைச் செம்புல அடிச்சு இறக்கினா ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தை அச்சா வச்சு, ஈயத்தை உருக்கி ஊத்தினா ஒரு எழுத்து வரும். ஒரே பக்கத்துல 'க' 40 தடவை வந்தா 40 'க' வார்க்கணும்.

இப்போ தமிழுக்கு வருவோம். மொத்தம் 247 எழுத்து, ஆனா அத்தனைக்கும் தனி அச்சு வேண்டாம். கால், கொம்பு, ஐகாரக் கொம்பு இதெல்லாம் தனித்துண்டா இருந்தா பக்கத்துல சேர்த்து வச்சுக்கலாம். ஆனா கி, கீ, கு, கூ வரிசை அப்படி இல்லை. எழுத்தோட ஒட்டியே வளையுது. 18 மெய்க்கு நாலு நாலு வச்சா அதுவே 72. உயிர் 12, அகர வரிசை 18, தனிக்குறிகள் எல்லாம் சேர்த்தா 100-ஐத் தாண்டும். ரோமன்ல சின்ன எழுத்து, பெரிய எழுத்து ரெண்டும் சேர்த்தாலே அதுல பாதிதான்.

இதுல அவங்க எடுத்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கலை. நமக்கு அது தப்பாத் தெரியும். ஆனா அன்னைக்கு ஓலைச்சுவடியில புள்ளி வைக்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது, ஓலை ஓட்டையாகும்னு காரணம் சொல்வாங்க. குறில் எகரம், நெடில் ஏகாரம் வித்தியாசமும் எழுத்துல காட்ட மாட்டாங்க. வாசிக்கிறவங்க இடம் பார்த்துப் புரிஞ்சுப்பாங்க. அவங்க பழகின வடிவத்தை அப்படியே எடுத்ததால 18 புள்ளி எழுத்துகளைச் செதுக்குற வேலையும் மிச்சம். அதுவும் குறுக்குவழிதான், ஆனா வாசகருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பாதையில போற குறுக்குவழி. கார்த்திலாவோட குறுக்குவழி அச்சடிக்கிறவருக்கு மட்டும் வசதி.

கொல்லம், 1578

1577-ல் கோவாவுல, உலோக வேலை தெரிஞ்ச ஜோவான் கொன்சால்வஸ்ங்கிற ஸ்பானியத் துறவி தமிழ் எழுத்துகளை வார்த்தார். பேரோ லூயிஸ்னு ஒரு இந்தியர், இயேசு சபையில சேர்ந்தவர், அதுக்கு உதவினார். ஆனா அதோட நிறுத்தலை. அடுத்த வருஷமே கொல்லத்துல ஜோவான் ஃபாரியா இன்னொரு செட் வார்த்தார்.

1578 அக்டோபர் 20. கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி முடிஞ்சது. 16 பக்கம். சீனாவுல இருந்து வந்த காகிதம். தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் இதுதான். இன்னைக்கு ஒரு பிரதி அமெரிக்காவுல ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு. அதோட கடைசிப் பக்கத்துல கோவாவுல 1577-ல் செஞ்ச எழுத்து இது, கொல்லத்துல 1578-ல் செஞ்ச எழுத்து இதுன்னு ரெண்டு மாதிரியையும் அச்சடிச்சுக் காட்டியிருக்காங்க. எந்த வெர்ஷனை யார், எங்க, எப்போ பண்ணாங்கன்னு புத்தகத்துக்குள்ளயே எழுதி வச்ச மாதிரி. அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

ஒரு தடவை எழுத்து கைக்கு வந்ததும் வேகத்தைப் பாருங்க. 1579 நவம்பர்ல கொச்சியில 'கிரிசித்தியானி வணக்கம்', நூறு பக்கத்துக்கு மேல. 1586-ல் 'அடியார் வரலாறு', 600 பக்கத்துக்கு மேல! அது இந்த முத்துக்குளித்துறையிலயே, புன்னைக்காயல்ல அச்சானதுன்னு பரவலா நம்புறாங்க. தாமிரபரணி கடல்ல சேருற இடம். இன்னைக்கும் சின்ன ஊர்தான்.

இதுக்கெல்லாம் பணம் எங்க இருந்து வந்தது? இந்தக் கரையோட பரதவர்களும் கொடுத்தாங்க. 400 குரூசாடோ, போர்ச்சுகீசியக் காசு, அவங்க திரட்டிக் கொடுத்ததாப் பதிவு இருக்கு. கடலுக்கடியில மூச்சைப் பிடிச்சுச் சிப்பி எடுத்தவங்களோட வருமானத்துல ஒரு பங்கு தமிழ் எழுத்தாகியிருக்கு.

இதுல கசப்பான பக்கமும் உண்டு. பணம் கொடுத்தது அவங்க, ஆனா என்ன அச்சடிக்கணும்னு முடிவு பண்ணது சபை. ஜெபம், மறைக்கல்வி, புனிதர்கள் கதை. முத்துக்குளிப்பைப் பற்றி, கடலைப் பற்றி, அவங்க தங்களோட வார்த்தையில சொன்னது எதுவும் அந்த அச்சுல ஏறலை. எழுத்து அவங்களுக்காகவே செஞ்சது, உள்ளடக்கம் இன்னொருத்தர் கையில. நாம பண்ற ஆப்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்னு நினைக்கிறேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்றிக்கு அடிகளார் 1600-ல், 80 வயசுல, புன்னைக்காயல்ல இறந்தார். அவருக்குப் பிறகு அந்த வேகம் தொடரலை. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரங்க கைக்குப் போச்சு. 1679-ல் கேரளத்துல அம்பழக்காட்டுல ஒரு தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சானப்போ மரத்துல எழுத்து செதுக்கினாங்க. 1713-ல் தரங்கம்பாடியில சீகன்பால்கு அச்சகம் தொடங்கினப்போ, எழுத்துகள் ஜெர்மனியில ஹாலே நகரத்துல இருந்து வந்தது. அது ரொம்பப் பெருசா இருந்து காகிதத்தைத் தின்னதால, தரங்கம்பாடியிலயே சின்னதா மறுபடி வார்த்தாங்க. கொல்லத்துல ஏற்கெனவே தீர்த்த பிரச்சினையை, 135 வருஷம் கழிச்சு முதல்ல இருந்து தீர்க்கவேண்டி வந்தது. கொல்லத்து எழுத்துகள் எங்க போச்சு, அந்தக் கைவேலையை யாருக்குச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு ஒரு தொடர்ச்சியே இல்லை.

நம்ம காலத்துலயும் இது நடந்திருக்கு. 1990-கள்ல, 2000-களின் ஆரம்பத்துல தமிழுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு என்கோடிங் வச்சிருந்தாங்க. திஸ்கி, டாப், டாம்னு. ஒரு ஃபாண்ட்ல எழுதினது இன்னொரு கம்ப்யூட்டர்ல கொக்கி கொக்கியாத் தெரியும். யூனிகோடுல தமிழ் 1991-லயே இடம் பிடிச்சும், தமிழ்நாடு அரசு அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிட்டது 2010-ல். மறுபடியும் கிட்டத்தட்ட 20 வருஷம்! அந்த இடைவெளியில பழைய ஃபாண்ட்கள்ல சேமிச்ச எத்தனையோ ஃபைல்களை இன்னைக்குத் திறந்தா வாசிக்க முடியாது.

எங்க ஆப் கதையை முடிச்சுடறேன். மாமா சொன்னதை அப்படியே மீட்டிங்ல சொன்னேன். கொஞ்சம் சண்டை ஆச்சு. கடைசியில தமிழ் எழுத்தை முதல் ரிலீஸுக்கே கொண்டுவந்தோம். ஃபாண்ட்டை ஆப்புக்குள்ளயே வச்சு அனுப்பினோம், பழைய போன் நாலு வாங்கி டெஸ்ட் பண்ணோம். ஆறு வாரம் தாமதம். மேனேஜர் ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசலை. மாமா இப்போ டீசல் கணக்கை அவரே எழுதிக்கிறார். ஆனா புதுசா ஒரு புகார் வச்சிருக்கார்: எழுத்து சின்னதா இருக்காம், வெயில்ல தெரியலையாம். ஹாலேவுக்கு நேர் எதிர் பிரச்சினை. அதைத்தான் இப்போ பார்த்துட்டு இருக்கோம். இந்தத் தடவை என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம்னு ஒரு பக்கம் எழுதியும் வைக்கிறோம், தம்பிரான் வணக்கத்தோட கடைசிப் பக்கம் மாதிரி.

தூத்துக்குடி பக்கம் போனா, ஒரு சாயங்காலம் புன்னைக்காயல் வரைக்கும் போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.