செவிலிமேட்டுக் கிணறும் காஞ்சியின் மந்திரப் பள்ளிகளும்

வீட்டில் இரண்டு வாரமாக 'விஸ்டோரியா' ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான் அனிமே. முதல் சீசன் 2024-இல் வந்தது, மொத்தம் 12 எபிசோட். மகள் பார்க்க, நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாதி வேலை, பாதி கதை.

கதை ரொம்ப எளிமை. ஒரு மந்திரப் பள்ளி. அங்கே வில் என்று ஒரு பையன் படிக்கிறான். சுற்றியிருக்கிற எல்லாரும் மந்திரக்கோலை ஆட்டி நெருப்பும் பனியும் வரவழைக்க, இவனுக்கு மட்டும் மந்திரமே வராது. கையில் இருப்பது ஒரு வாள். ஆசிரியர்களில் சிலருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆனால் படிப்பை விடமாட்டேன் என்கிறான்.

நாலாவது எபிசோடோ ஐந்தாவதோ, மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஸ்கூல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு" என்றேன். விளையாட்டாகச் சொன்ன பதில்தான். அப்புறம் யோசித்தால், அது அவ்வளவு விளையாட்டும் இல்லை. தமிழில் வேத வாக்கியத்துக்கும் மந்திரம் என்றுதான் பெயர், மாயவித்தைக்காரன் முணுமுணுப்பதற்கும் மந்திரம் என்றுதான் பெயர். மந்திரம் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் காஞ்சிக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று கொஞ்சம் வெளியே, திருப்புட்குழியில். அந்த இரண்டாவது பள்ளியின் கதையில் முக்கியமான திருப்பம் நடக்கிற இடம், எங்கள் செவிலிமேடு.

முதல் பள்ளி: கடிகை

பல்லவர் காலக் காஞ்சியில் 'கடிகை' என்று ஒரு உயர்கல்வி நிலையம் இருந்தது. அதைப் பற்றிய மிக அருமையான சான்று கிடைப்பது தமிழ்நாட்டில் இல்லை, கர்நாடகத்தில். சிவமொக்கா மாவட்டம், சிகாரிபுரா வட்டத்தில் தாளகுந்தா என்றொரு ஊர். அங்கே பிரணவேஸ்வரர் கோவில் முன்னால் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் வடமொழிச் செய்யுளாக ஒரு கல்வெட்டு. கடம்ப அரசன் சாந்திவர்மன் காலத்தது, 5-ஆம் நூற்றாண்டு. எழுதிய கவிஞரின் பெயர் குப்ஜர். கீல்ஹார்ன் இதை 'எபிகிராபியா இண்டிகா' 8-ஆம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார்.

கல்வெட்டு சொல்லும் கதை இது. மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன், தன் குரு வீரசர்மனோடு பல்லவர் தலைநகருக்கு வருகிறான். வேதம் முழுவதையும் கற்க வேண்டும் என்று கடிகையில் சேர்கிறான். அங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு தகராறு. தகராறுக்கு என்ன காரணம் என்று கல்வெட்டு சொல்வதில்லை, அவமானத்தை மட்டும் சொல்கிறது. எவ்வளவு ஒழுங்காகப் படித்தாலும் கடைசியில் அந்தணன் அரசனுக்குக் கீழேதானா என்று அவன் குமுறுகிறான். தர்ப்பையும் சமித்தும் நெய்க்கரண்டியும் பிடித்துப் பழகிய கை, வாளை உருவுகிறது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வில்லின் வாள்தான் ஞாபகம் வந்தது. வில் வாளோடு பள்ளிக்குள் இருக்கிறான். மயூரசர்மன் வாளை எடுத்ததும் பள்ளியை விட்டுப் போகிறான். பல்லவரின் எல்லைக் காவலர்களை வெல்கிறான், ஸ்ரீபர்வதத்துக் காடுகளில் தங்குகிறான், பிருஹத்பாணர்களிடம் கப்பம் வாங்குகிறான். அடக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் பல்லவர்களே அவனுக்குப் பட்டம் கட்டி நிலப்பகுதியைக் கொடுக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது பொதுவான கணிப்பு. கடம்ப அரசமரபு தொடங்குவது இப்படித்தான். அவன் மகன் கங்கவர்மனிலிருந்து பெயரின் வால் 'சர்மன்' போய் 'வர்மன்' ஆகிவிடுகிறது. இந்தக் கதையைக் கல்லில் வெட்டவைத்த சாந்திவர்மன் அந்த வம்சத்தின் ஐந்தாம் தலைமுறை.

கடிகை என்பது ஏதோ ஒரு ஓரத்தில் இருந்த திண்ணைப் பள்ளி இல்லை. வேலூர்ப்பாளையம் செப்பேடுகள், ஸ்கந்தசிஷ்யன் என்ற பல்லவன் சத்தியசேனன் என்பவனிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்கின்றன. ஊரைப் பிடித்தான், கோட்டையைப் பிடித்தான் என்று சொல்வது போல, கடிகையைப் பிடித்தான்! பிறகு ராஜசிம்மன், அதாவது கைலாசநாதர் கோவிலைக் கட்டினவன், கடிகையை மறுபடி சீரமைத்தான் என்றும் அதே செப்பேடு சொல்கிறது. பல்லவ வம்சத்தில் வாரிசு இல்லாமல் போனபோது, இரண்டாம் நந்திவர்மனை அழைத்துவரப் போன குழுவில் கடிகையாரும் இருந்தார்கள். வைகுந்தப் பெருமாள் கோவில் சுற்றுமதில் சிற்பங்களையும் அதன் கீழே உள்ள கல்வெட்டையும் பார்த்தால் தெரியும்.

எனக்குப் பிடித்த சான்று கைலாசநாதர் கோவிலில் உள்ள கன்னடக் கல்வெட்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் (733-744) கோவில் சொத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. இதை அழிப்பவன் யார் அடையும் கதியை அடைவான் தெரியுமா? இந்த நகரத்துக் கடிகையாரைக் கொன்றவர்கள் அடையும் கதியை. எதிரி நாட்டு அரசனுக்குக்கூட, காஞ்சியில் செய்யக்கூடிய மகா பாவம் என்றால் அதுதான் தோன்றியிருக்கிறது.

இரண்டாவது பள்ளி: திருப்புட்குழி

காஞ்சியிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதன் பக்கத்தில் திருப்புட்குழி, விஜயராகவப் பெருமாள் கோவில் உள்ள திவ்யதேசம். அங்கே யாதவப்பிரகாசர் என்ற வேதாந்த ஆசிரியர் பாடம் நடத்தினார். மாணவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த இளையாழ்வார். பின்னாளில் ராமானுஜர். மரபுப்படி அவர் காலம் 1017-1137.

குருபரம்பரைக் கதைகளில் இந்தப் பகுதியைப் படித்தால், அனிமே எழுதுபவர்கள் இங்கே வந்து பாடம் கேட்டிருப்பார்களோ என்று தோன்றும். ஒரு அரசகுமாரியை பிரம்மராட்சசு பிடித்துக்கொள்கிறது. பெரிய மந்திரவாதி என்று யாதவப்பிரகாசரைக் கூப்பிடுகிறார்கள். ராட்சசு அசையவில்லை. சிரித்துவிட்டு, "போன ஜென்மத்தில் நீ மதுராந்தகம் ஏரிக்கரையில் உடும்பு" என்கிற மாதிரி ஒரு குண்டைப் போடுகிறது. கூட வந்திருக்கும் இளையாழ்வார் காலை என் தலையில் வைத்தால் போகிறேன் என்கிறது. வைக்கிறார். போனதற்கு அடையாளமாக அரச மரக்கிளை முறிந்து விழுகிறது. வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியரை மாணவன் மிஞ்சிவிட்டான்.

அதைவிட முக்கியமான சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் 'கப்யாஸம்' என்று வருகிறது, இறைவனின் கண்ணுக்கு உவமையாக. யாதவப்பிரகாசர் 'கபி' என்றால் குரங்கு என்று எடுத்துக்கொண்டு, குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை என்று பொருள் சொன்னாராம். அப்போது இளையாழ்வார் அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் குருவின் தொடையில் சூடாக விழுந்தது. 'கபி' என்றால் நீரைக் குடிக்கும் சூரியன், சூரியனால் மலர்ந்த தாமரை என்பதுதான் பொருள் என்று மறுத்தார். கண்ணீர் கதையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பொருள், ராமானுஜர் எழுதிய வேதார்த்த சங்கிரகத்திலேயே இருக்கிறது. அதே நூலில் யாதவப்பிரகாசரின் தத்துவத்தையும் பெயர் சொல்லாமல் ஆனால் தெளிவாக மறுக்கிறார். அதனால் கருத்து மோதல் நிஜம்.

கதைப்படி, யாதவப்பிரகாசர் இவனை ஒழித்துவிடலாம் என்று காசி யாத்திரை ஏற்பாடு செய்கிறார். கங்கையில் தள்ளிவிடுவது திட்டம். உடன் படித்த சித்தி மகன் கோவிந்தன் விந்திய மலைக்காட்டில் விஷயத்தைச் சொல்லித் தப்பிக்க வைக்கிறான். காட்டில் வழி தெரியாமல் நிற்கும் இளையாழ்வாருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் துணை வருகிறார்கள். ராத்திரி வேடுவச்சிக்குத் தாகம். விடிந்ததும் பக்கத்துக் கிணற்றில் இறங்கி, கையால் மூன்று முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். நாலாவது முறை ஏறி வந்தால் இருவரையும் காணோம். நிமிர்ந்து பார்த்தால் காஞ்சி வரதராஜர் கோவில்!

அந்தக் கிணறு செவிலிமேட்டில் இருக்கிறது. சாலைக் கிணறு என்று பெயர். பக்கத்தில் ராமானுஜருக்குச் சந்நிதி. அதற்குப் பிறகு அவர் தினமும் இந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வரதருக்குச் சுமந்துபோனார் என்பது மரபு. இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை அனுஷ்டான குள உற்சவத்துக்கு வரதர் செவிலிமேட்டுக்கு எழுந்தருளுகிறார்.

ஒரு பக்க லாக்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இரண்டு கதைகளையும் சொன்னது யார்? தாளகுந்தா கல்வெட்டை எழுதியது கடம்ப அரசவைக் கவிஞர். திருப்புட்குழிக் கதையை எழுதியது ராமானுஜரின் சீடர் பரம்பரை, அதுவும் பின்னால். இரண்டுமே மாணவர் பக்கத்து லாக். எங்கள் வேலையில் ஒரே ஒரு சர்வரின் லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு தவறு யார் மேல் என்று முடிவு செய்தால் மேனேஜர் திட்டுவார்.

யாதவப்பிரகாசர் பக்கத்தில் என்ன மிச்சம்? 'வைஜயந்தி' என்ற வடமொழி நிகண்டு அவர் பெயரில் இருக்கிறது. 1893-இல் குஸ்டாவ் ஆப்பர்ட் சென்னையில் பதிப்பித்தார். துறவிகளுக்கான விதிகளைத் தொகுத்த 'யதிதர்ம சமுச்சயம்' இருக்கிறது. பாட்ரிக் ஆலிவெல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். கொலைக்குத் திட்டம் போட்ட வில்லனாக நாம் கேட்டுப் பழகிய மனிதர், அகராதி தொகுத்தவர். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவரை, ஒரு சொல்லின் பொருளை வைத்தே பரம்பரைக் கதை தோற்கடிக்கிறது. அந்தக் கதையும் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. கடைசியில் அவர் ராமானுஜரிடமே சீடராகி கோவிந்த ஜீயர் ஆனார், அதன் பிறகுதான் யதிதர்ம சமுச்சயம் எழுதினார் என்கிறது.

கதையில்லாத சான்றும் உண்டு. ராமானுஜர் பிறந்த தலைமுறையில், ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு ஒரு கல்லூரியின் கணக்கைத் தருகிறது: இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர். அந்த 70-இல் வேதாந்தம் படித்தவர்கள் 10 பேர்தான். செவிலிமேட்டை ஒட்டி ஓடும் பாலாற்றோடு கிழக்கே போனால் திருமுக்கூடல். அங்கே 1060-களின் பிற்பகுதியில், வீரராஜேந்திரன் காலத்தில், ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கல்லில் ஒதுக்கீடு. அந்த எண்ணெய்க் கணக்கைப் படித்த பிறகு, கப்யாஸக் கதையில் வரும் எண்ணெய்க் குளியல் எனக்கு நம்பக்கூடிய காட்சியாகிவிட்டது.

அவள் கேட்ட இன்னொரு கேள்வி

போன ஞாயிறு மகளைச் சாலைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஸ்கூல்ல என்னைச் சேர்த்துப்பாங்களா?" என்றாள்.

மாட்டார்கள். வேலூர்ப்பாளையம் செப்பேடு அதை இருபிறப்பாளர் கடிகை என்றுதான் சொல்கிறது. பெண் என்பதால் அவளைச் சேர்க்க மாட்டார்கள். தறியில் உட்கார்ந்த குடும்பம் என்பதால் என்னையும் சேர்க்க மாட்டார்கள். என் அப்பா பட்டு நெய்தவர். எங்கள் வீட்டில் முதல் பி.ஈ. நான்தான். மயூரசர்மன் பட்ட அவமானம் பெரிதுதான். ஆனால் அவன் வாசலுக்கு உள்ளே இருந்தவன்.

அவளிடம் இதை மறைக்கவில்லை. கூடவே திருக்கச்சி நம்பியைப் பற்றியும் சொன்னேன். பூந்தமல்லிக்காரர், அந்தணர் இல்லை. வரதருக்கு விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியம் அவருடையது. பள்ளி கைவிட்ட பிறகு ராமானுஜர் தேடிப்போனது இவரைத்தான். உங்கள் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நம்பி, வருண முறையைச் சொல்லி மறுத்தார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட ஆசைப்பட்டு ராமானுஜர் வீட்டுக்கு அழைத்தபோது, மனைவி தஞ்சமாம்பாள் அவருக்குத் தனியாகப் பரிமாறி, இடத்தைக் கழுவி, தலைமுழுகிவிட்டாள். அப்படியிருந்தும் ராமானுஜரின் சந்தேகங்களுக்கு வரதர் சொன்னதாக மரபு சொல்லும் ஆறு வார்த்தைகள் வந்தது நம்பியின் வாய் வழியாக. திருப்புட்குழிப் பாடத்தில் தீராத கேள்விக்கு, அந்தப் பள்ளியில் உட்கார முடியாத ஒருவரிடமிருந்து பதில் வந்தது என்று வைணவ மரபே எழுதிவைத்திருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை.

"அப்போ அவர்தான் வில்" என்றாள். நான் இதுவரை மயூரசர்மனைத்தான் வில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த பதிவில் பார்க்கலாம்.