டஸ்கீகியின் நிழற்படங்கள்



வரலாறு என்றவுடன் அரசரும் போரும் உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூரை வேய்ந்தவரையும் வயலில் உழைத்தவரையும் வரலாற்று ஏடுகளில் காண்பது அரிது. அவர்களைத் தேடிச் சென்றபோதுதான் பழைய புகைப்படங்களின் அருமையை நான் உணர்ந்தேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி என்னும் சிற்றூரின் படங்கள் சிலவற்றை உங்கள் மனக்கண்முன் வைக்கிறேன்.

அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881-ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்காக அவ்வூரில் ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். மாணவர்களே செங்கல் சுட்டுக் கட்டடங்களை எழுப்பினர். 1902-இல் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்னும் வெள்ளையின அம்மையார் காமிராவுடன் அங்கே சென்றார். ஒரு படத்தில் மாணவர்கள் கூரைச் சட்டங்களைப் பொருத்துகின்றனர். மற்றொன்றில் ஆண்களும் பெண்களும் நூலகத்தில் அமர்ந்து படிக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் மாணவரிடையே நிற்பவர், வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். எங்கும் ஒழுங்கு, எங்கும் அமைதி.

இப்படங்கள் உண்மையே சொல்கின்றன. ஆனால் முழு உண்மையையும் சொல்கின்றனவா? அதற்கு முந்திய ஆண்டில், 1901-இல், அலபாமா ஒரு புதிய அரசியலமைப்பை இயற்றியது. எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, தலைவரி ஆகியவற்றால் கறுப்பின மக்களுள் பெரும்பாலோரின் வாக்குரிமை பறிபோனது. நூலகத்தில் படிக்கும் அந்த இளைஞர்களைச் சூழ்ந்திருந்த இந்த அநீதி படச்சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

1928-இல் பி. எச். போல்க் என்பவர் அக்கல்லூரியில் புகைப்படக் கலை கற்பிக்க வந்தார். அவரும் கறுப்பினத்தவர், அங்கேயே பயின்றவர். பல்லாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்து, பேராசிரியரையும் உழவரையும் ஒருங்கே படமெடுத்தார். 1932-இல் அவர் எடுத்த ஒரு படத்தில், உழைக்கும் பெண்ணொருத்தி இடுப்பில் கையூன்றி நிமிர்ந்து நிற்கிறாள். படத்தின் பெயர் 'எஜமானி'! அவள் எவருடைய இரக்கத்தையும் வேண்டி நிற்கவில்லை. அவளைத் தம்முள் ஒருத்தியாக அறிந்தவர் காமிராவின் பின்னால் இருந்தார் என்பதை அப்பார்வையே உணர்த்துகிறது.

1957-இல் மாநிலச் சட்டமன்றம், சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாக மாற்றியது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நான்கைந்து பேரைத் தவிர அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. கல்லூரியும் எல்லைக்கு வெளியே போயிற்று! அக்கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கொமிலியன் வழக்குத் தொடுத்தார். 1960-இல் உச்சநீதிமன்றம் அவர் முறையீட்டை ஒருமனதாக ஏற்றது. 1961-இல் பழைய எல்லை மீண்டது.

நகரின் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்ட அம்மக்களின் வாழ்க்கை, புகைப்படங்களில் அழியாது நிலைத்திருக்கிறது. நண்பர்களே, ஒரு பழைய படம் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எடுத்தவர் யார்? யாருக்காக எடுத்தார்? சட்டத்துக்கு வெளியே நின்றது எது? அவ்வினாக்களோடு பார்ப்பவருக்கு, மௌனமான படமும் வரலாறு சொல்லும்.