கேட்பவர் கையில் கதை

கதையை நடத்திச் செல்பவர் யார்? சொல்பவரா, கேட்பவரா? சொல்பவரே என்று சாதிக்க, நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு ஆசைதான். ஆனால் சரித்திரம் என் கட்சியில் இல்லை.

1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டிப் போர் பயிலும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். விதிகள் மலிந்த ஆட்டம் அது. 1876-ல் வெர்டி என்ற தளபதி, விதிகளைக் குறையுங்கள், அனுபவசாலியான நடுவரின் தீர்ப்பே போதும் என்றார்.

1969-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் கற்பனையான பிரஷ்ய நகரம் ஒன்றை அமைத்து, ஆட வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷமும் ஒரு நோக்கமும் கொடுத்தார். அவர்களோ அவர் திட்டத்தை மீறித் தம் இஷ்டப்படி ஊரெல்லாம் சுற்றினார்கள். ஆட்டம் பாழாயிற்று என்று அவர் நினைத்தார், ஆடியவர்களோ, "இன்னொரு முறை!" என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பல வாரங்கள் வளர்க்கும் கதை அது. இன்று அதை நடத்துகிறவர்களில் பலர் முதல்நாள் கதையையே தொடங்குவதில்லை. எதை விரும்புகிறீர்கள், எது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் திட்டம் போடுகிறார்கள். பொருளைச் செய்பவர் தம் சாமர்த்தியத்திலிருந்து தொடங்காமல், அதைக் கையாளுபவரின் தேவையிலிருந்து தொடங்கவேண்டும் என்ற கொள்கை, 1986-ல் டொனால்ட் நார்மனும் ஸ்டீபன் டிரேப்பரும் தொகுத்த நூலால் பிரசித்தமாயிற்று.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலும் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலும் இரவெல்லாம் கூத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுச் சங்கதியாகத் தோன்றாது. அங்கே பகடை ஆட்டமே பாரதத்தின் திருப்பம் அல்லவா? எந்தக் கதையை ஆடுவது என்பதை ஊரின் தேவையே நிர்ணயிக்கிறது. மழை பொய்த்தால் விராட பருவம். இறந்தவரின் காரியத்தன்று கர்ண மோட்சம். அர்ச்சுனன் தபசில், உயர்ந்த மரத்தின் உச்சியிலிருந்து விழும் பூவுக்கும் எலுமிச்சம் பழத்துக்கும் மடியேந்தி நிற்பவர்கள், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள். கட்டியங்காரனோ ஊர்ச் செய்தியைக் கதைக்குள் இழுத்துவிடுகிறான்.

வித்தியாசமும் உண்டு. மேஜையில் ஆடுபவர் கதையின் முடிவையே மாற்றலாம். கூத்தில் முடியாது, படுகளத்தில் துரியோதனன் விழுந்தே தீரவேண்டும். முடிவு தெரிந்த கதைக்காக ஏன் விடியவிடியக் கண்விழிக்கிறார்கள்? வறண்ட காட்டையும் வீட்டுத் துக்கத்தையும் அந்தக் களத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்; அதனால்தான்.

இரவு முழுதும் ஆடவேண்டிய கூத்தை நகரத்து அரங்குகளுக்காக ஒரு மணி நேரமாகச் சுருக்குவதும் நடக்கிறது. கலையைக் காப்பாற்றும் நல்லெண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே, "யாருக்காக, எதற்காக இந்தக் கதை?" என்று கேட்பாரில்லை. வேஷமும் பாட்டும் தப்பிவிடும். மழை கேட்டு உட்கார்ந்திருந்த அந்த ஊர் மட்டும் அரங்குக்குள் வராது.