திரும்பி வந்தவையும் வராதவையும்

நோய்களின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். எச்.ஐ.வி.யின் வரலாற்றையோ ஓர் எண்ணின் கதையாகவும் சொல்லலாம். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் சிடி4 அணுக்கள் எத்தனை என்பதே அந்த எண்.

1981 ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐந்து ஆண்களைப் பற்றிய சிறு மருத்துவக் குறிப்பொன்று அமெரிக்காவில் வெளியானது. நலமான உடலை அண்டாத ஒரு நுரையீரல் தொற்று அவர்களைப் பற்றியிருந்தது. உடலின் காவலை ஒருங்கிணைக்கும் வெள்ளையணுக்களான சிடி4 அணுக்கள் இந்நோயாளிகளிடம் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன என்பது அவ்வாண்டு முடிவதற்குள் தெரியவந்தது. நலமுள்ளவரிடம் இவை 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழிறங்கினால் எய்ட்ஸ் என்று பின்னர் வரையறுத்தார்கள்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானபோது, சரிந்துகொண்டே இருந்த எண் முதன்முறையாக நிலைத்து ஏறத் தொடங்கியது. ஆனால் ஏறுவது எது? 1997இல் பிரிஜித் ஓத்ரானின் பாரீஸ் குழு இதற்கு விடை தேடியது. முதலில் கூடுபவை பெரும்பாலும் பழைய தொற்றுகளை அறிந்த நினைவு அணுக்கள். நிணநீர்த் திசுக்களில் ஒதுங்கிக் கிடந்தவையும் அப்போது குருதிக்குத் திரும்புகின்றன. எதிரியை இனிமேல்தான் சந்திக்கவேண்டிய புதிய அணுக்கள் மாதங்கள் கழித்தே, மெதுவாக வருகின்றன. அவற்றைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்குவது. அது முதியவரிடத்தும் முற்றாக ஓய்ந்துவிடுவதில்லை என்று 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆயினும் முதுமையில் மீட்சி தயங்கியே வருகிறது. மிகத் தாழ்ந்த எண்ணோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலருக்கு, வைரஸ் பல்லாண்டுகள் அடங்கியிருந்தும், பழைய அளவு எட்டாமலே போகிறது.

அப்படியானால் எண்ணை மட்டும் உயர்த்திவிட்டால் என்ன? இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பெரும் ஆய்வுகளில் 5,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். முடிவுகள் 2009இல் வெளியாயின. அணுக்கள் பெருகியிருந்தன, நோயோ மரணமோ குறையவில்லை. தலைகளை எண்ணுவது வேறு, காவலின் வலிமையை அளப்பது வேறு என்பதை மருத்துவம் கற்றுக்கொண்ட தருணம் அது.

இந்தப் பின்னணியில்தான் சிகிச்சை தொடங்கும் எல்லைக்கோட்டின் வரலாற்றை வாசிக்கவேண்டும். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. நோய் முற்றாதவர்களுக்கு அன்றைய எல்லை 200. அதாவது, காவலின் பெரும்பகுதி அழியும்வரை காத்திருக்கவேண்டும். விலையும் பக்கவிளைவுகளும் பற்றாக்குறையும் அதற்குக் காரணங்களாயிருந்தன. உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 2010இல் 350ஆகவும் 2013இல் 500ஆகவும் உயர்த்தியது. 2015இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு, 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோய்களும் மரணமும் பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. அவ்வாண்டே எல்லைக்கோடு நீக்கப்பட்டது. இந்தியாவில் 2017இல் நீங்கியது.

அணுக்கள் திரும்புகின்றன என்பது உண்மை. இழந்தவை அனைத்தும் திரும்புவதில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தில் ஒரு பகுதியை உடல் தீர்மானிக்கிறது. மறுபகுதியை, ஒருவரை எவ்வளவு காலம் காக்கவைத்தோம் என்பது தீர்மானிக்கிறது.