கூரையிலிருந்து தொங்கிய இழை

1990களின் நடுவில், கலிஃபோர்னியாவிலுள்ள செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், நடைக்கூடத்தின் ஒரு மூலையில் 8 அடி நீள நெகிழி இழையொன்று கூரையிலிருந்து தொங்கியது. கலைஞர் நேட்டலி ஜெரெமிஜென்கோ அமைத்த அவ்விழையை ஒரு சிறு மின்மோட்டார் அசைத்தது. மோட்டார் கணினி வலையமைப்பின் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. தரவுப் போக்குவரத்து மிகுந்தால் இழை வேகமாகச் சுழன்று ஒலி எழுப்பும். குறைந்தால் மெல்லத் துடிக்கும். விரும்பியவர் கவனிக்கலாம்; ஏனையோர் தம் பணியைத் தொடரலாம்.

‘அமைதியான தொழில்நுட்பம்’ என்னும் கருத்தை விளக்க மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் இவ்விழையையே சான்றாகக் காட்டினர். கவனத்தின் விளிம்பில் நிற்க வேண்டியதை நடுவில் திணிக்கும் வடிவமைப்பே தகவலைச் சுமையாக்குகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வைசர் 1999இல் மறைந்தார். 2006இல் ஏசா ராஸ்கின் முடிவின்றி உருளும் பக்கத்தை வடிவமைத்தார். அடுத்த பக்கத்துக்கான சொடுக்கு மறைந்தது. தொடர்வதா நிறுத்துவதா என எண்ணும் இடைவெளியும் உடன் மறைந்தது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பயனரின் மனவுறுதியைக் குறைகூறுவோர் இவ்வரலாற்றைக் கருதுவதில்லை. அந்த இடைவெளியை நீக்கும் முடிவு வடிவமைப்பாளரின் மேசையில் எடுக்கப்பட்டது. பொறுப்பு குறித்த ஆய்வும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.