ஹார்ட் டிஸ்க்கும் பனையோலையும்

மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் முதல் விதி, அதில் மேலும் எதையும் எழுதக்கூடாது. அடுத்து, உயிரோடிருக்கும் பகுதியை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் சிதறிய கொலம்பியா விண்கலத்தின் இடிபாடுகளில் கருகிய டிஸ்க் ஒன்று கிடைத்தது. உள்ளேயிருந்த தட்டுகளைக் கழற்றி வேறு பெட்டியில் பொருத்திப் படித்ததில் ஏறத்தாழ 99 சதவீதத் தகவல் மீண்டது!

இந்த வேலை தமிழுக்குப் புதிதல்ல. கணினிக்கு நூறாண்டு முன்பே நம்மவர்கள் இதைச் செய்தார்கள். அதில் இராமநாதபுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இராமநாதபுரம் சீமையில் எங்கு திரும்பினாலும் பனைதான். தமிழின் பழைய 'டிஸ்க்' அந்த மரத்தின் ஓலையே. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியும் பச்சிலைச் சாறும் தடவினால் எழுத்து தெரியும். ஆனால் கறையானும் செல்லும் விட்டுவைக்காது. முந்நூறு, நானூறு ஆண்டு தாங்கினாலே அதிகம். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டே வந்தார்கள். எழுதுவதை நிறுத்திய தலைமுறையோடு அந்த நூலும் போயிற்று.

போன விதமும் கொடுமை. ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் நெல்லைச் சீமையின் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போய்க் கேட்டார். பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. பழுதானதை நகலெடுக்காமலே அழித்துவிட்டார்கள்!

19ஆம் நூற்றாண்டில் அச்சு இருந்தது, அச்சிடப் பணம் வேண்டுமே? இங்கேதான் சேதுபதி குடும்பம் வருகிறது. சேதுபதியின் சகோதரர் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1861இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார். பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர், 1898இல் உ.வே.சா. வெளியிட்ட மணிமேகலைக்கு உதவினார். அவர் மதுரைக்குச் சொற்பொழிவாற்றப் போனபோது ஊர் முழுக்கத் தேடியும் கம்பராமாயணமோ திருக்குறளோ ஒரு பிரதிகூட அகப்படவில்லை என்பார்கள். சங்கம் வளர்த்த மதுரையில்! 1901 செப்டம்பர் 14 அன்று அங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கி, பாண்டியன் புத்தகசாலை என்ற நூலகத்தையும் அமைத்தார். மறு ஆண்டே சேது சமஸ்தானப் புலவர் ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' இதழ் வந்தது.

பணம் கிடைத்தாலும் படிப்பது எளிதல்ல. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. தொட்டால் ஓரம் ஒடியும். எனவே ஒரே நூலின் பல ஏடுகளை ஊர் ஊராகத் திரட்டி, தாளில் படியெடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். ஓர் ஏட்டில் பூச்சி தின்ற இடம் இன்னோர் ஏட்டில் முழுதாக இருக்கும்.

எல்லா ஏட்டிலும் ஓட்டை என்றால்? டிஸ்க்கில் இதை 'பேட் செக்டார்' என்பார்கள். உ.வே.சா. அங்கே சொந்தச் சரக்கை நிரப்பவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே விட்டார். அவர் 1904இல் வெளியிட்ட பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் இரண்டு பாட்டு இல்லை. இன்றும் அந்நூலைப் புரட்டினால் 266ஆம் பாட்டுக்கு அடுத்து வருவது 269.