கடல்கொண்ட நகரும் கரையிலிருக்கும் நாமும்

பினாங்கில் வாழும் நமக்குக் கடல் அன்றாடக் காட்சி. அக்கடலே 2004 டிசம்பர் 26ஆம் நாள் பொங்கியெழுந்து, இம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. 'கடல்கோள்' என்னும் பழஞ்சொல்லின் பொருளை அன்று கண்ணாரக் கண்டோம்.

இவ்வச்சத்தைக் கதையாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ட் (1890–1937). 1928இல் வெளிவந்த அவருடைய 'கதூலுவின் அழைப்பு' என்னும் கதையில், ஆழ்கடலில் அமிழ்ந்த நகரொன்றில் தொன்மையான பூதத் தெய்வம் துயில்கின்றது. அதன்முன் மனிதன் ஒரு பொருட்டே அல்லன் என்பதே அக்கதை தரும் திகில்.

தமிழருக்கும் கடலடியில் ஒரு நகர் உண்டு. இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டுகள் நிலவியதென்றும், அக்காலத்தே பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதென்றும் இறையனார் களவியல் உரை கூறும். புதுமைப்பித்தன் (1906–1948) தம் 'கபாடபுரம்' சிறுகதையில் அந்நகரையே திகிற்களமாக்கினார்.

கடலுள் மூழ்கிய பெருங்கண்டம் ஒன்று இருந்ததென்பதை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. ஆயினும் இவ்விரு நகர்களையும் ஒப்பிடுதல் பயனுடைத்து. அந்நகர் மீண்டும் எழுந்துவிடுமோ என்று மேலைக்கதை அஞ்சுகின்றது. நம் நகர் மீண்டும் எழாதோ என்று நம் நெஞ்சம் ஏங்குகின்றது. அங்கே துயில்வது பூதம். இங்கே துயில்வன நூல்கள்.

நூல்களை விழுங்குவது கடல் மட்டுமா? ஏடுகள் பலவற்றைச் செல் அரித்தது. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டில் அச்சான தமிழ் இதழ்களும் இன்று காண்பதற்கரியன. அவற்றைக் கொண்டது கடலன்று, நம் புறக்கணிப்பே. கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் பயிற்றும் ஆசிரியர், எஞ்சியவற்றைக் காக்கும் கடமையையும் மாணவர்க்கு உணர்த்துவாராக.